கோவம் வாற நேரம் என்னெண்டு 'என்ன நடந்தது' எண்டு கேக்கிறது? (ஹோட்டல் வேலை, திருகோணமலை)

நிலாவெளி_ரிசெப்சன்:

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமாத்தான் எழுதப்போறன், பொறுமையா வாசிச்சிட்டு அனுபவம் இருக்கிற ஆக்கள் சொல்லுங்கோ. நான் நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல்ல ரிசெப்சன்ல நிக்கிறன், இது நாலாவது வருசம், வீடு அலஸ்தோட்டம். எங்களுக்கு சித்திரையில தொடங்கி புரட்டாதி மட்டும் சீசன், அதுக்குள்ள போயா லீவும் சனி ஞாயிறும் சேர்ந்து வந்தா கொழும்பு, கண்டி ஆக்கள் எல்லாம் இஞ்சதான். விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு ஆறேழு மணித்தியாலம் வான்ல இருந்து பிள்ளையளும் அழுது களைச்சு, பகல் 12 மணிக்கெல்லாம் கவுண்டருக்கு முன்னால வந்து நிப்பினம். செக்கின் 2 மணி எண்டு புக்கிங்லயே இருக்கு, அத ஒருத்தரும் வாசிக்கிறேல்ல, சரி அதுவும் பரவாயில்ல, ஆனா 2 மணிக்காவது ரூம் குடுக்க வேணுமே. எங்கள்ட்ட 32 ரூம். இந்த மாசம் எல்லா ரூமும் 2 மணிக்குக் குடுத்த நாளை ஒரு கை விரல்லயே எண்ணிடலாம்.

ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் ஒரு அக்கா, என்னை விட பத்துப் பன்னிரண்டு வயசு மூப்பு, அவவுக்குக் கீழ மூண்டு பேர். ரூம் எப்ப வரும் எண்டு இன்டர்கொம்ல கேட்டா "ரெடியானா சொல்லுவன்" எண்டு டக்கெண்டு வச்சிடுவா. திருப்பி அடிச்சா எடுக்க மாட்டா. இஞ்ச முன்னால நிக்கிறவர் மேசையில தட்டித் தட்டிக் கேக்கிறார், நான் அவருக்கு என்னத்தைச் சொல்ல.

போன சனிக்கிழமை ஒரு குடும்பம் வந்தவை. கூட வந்த அம்மம்மாவுக்குக் கால் ரெண்டும் வீங்கிப்போய் செருப்புக்குள்ள போகேல்ல, லொபியில காலை நீட்டிக்கொண்டு 3.40 மட்டும் இருந்தவ. அந்த மனிசி என்னைப் பாத்துச் சிரிச்சு, பரவாயில்ல மகள் எண்டு சிங்களத்தில சொன்னவ, அதுதான் என்னால தாங்க ஏலாமப் போச்சு. அவ ஏசியிருந்தா தாங்கியிருப்பன். நேர மேல போனன், கொரிடோர்ல ரூம் போய்ஸ் ரெண்டு பேருக்கு முன்னால வச்சு "ஏனக்கா, ஒரு நாளாவது ஒரு வேலையை நேரத்துக்குச் செய்ய மாட்டீங்களா" எண்டு கத்திட்டன். அவ கையில இருந்த பெட்ஷீட்டைக் கீழ வச்சிட்டு என்னையே பாத்தா. ஒண்டும் சொல்லேல்ல. அண்டையில இருந்து என்னோட நேர கதைக்கிறேல்ல, திறப்பையும் ரூம் போயிட்டத்தான் குடுத்து விடுறா.

மனேஜரிட்டச் சொன்னா "அட்ஜஸ்ட் பண்ணிப் போங்கோ" எண்டுறார். எனக்கு வெக்கமாவும் இருக்கு, அதே நேரம் கோவமும் போகேல்ல, ரெண்டும் ஒண்டாக் கிடந்து குடையுது.

போன வருசம் கொழும்பில இருந்து ஒருத்தர் வந்து ட்ரெயினிங் செஞ்சவர். கோவம் வரேக்க மற்றாளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாம, அவருக்கு என்ன நடக்குது எண்டு அறியிற ஆசையோட கேள்வி கேளுங்கோ எண்டு சொன்னவர். அண்டைக்கு நல்லாத்தான் இருந்தது. ஆனா மண்டை கொதிச்சுக்கொண்டு நிக்கேக்க அந்த ஆசை எங்கயிருந்து வரும்? அதோட எங்கட ஊர்ல ஆரும் கூடக் கேள்வி கேட்டா விடுப்பு, ஊர்வம்பு எண்டெல்லோ சொல்லுவினம். நான் இப்ப மன்னிப்புக் கேட்டிட்டுக் கேள்வி கேக்கிறதா, கேள்வி கேட்டிட்டு மன்னிப்புக் கேக்கிறதா? மெய்யாத்தான் கேக்கிறன், மூண்டு நாளா நித்திரை இல்ல.

உப்புவெளிக்காரி:

தங்கச்சி, நான் ரெண்டு ஹோட்டல்ல 11 வருசம் ஹவுஸ்கீப்பிங் செஞ்சிட்டு விட்டனான், இப்ப வீட்டில தையல். உங்களில பிழை பிடிக்க எழுதேல்ல. அந்த அக்கா நிக்கிற இடத்தில நிண்டவள் எண்டபடியா அங்க என்ன நடக்கும் எண்டு சொல்லுறன், பிறகு நீங்களே யோசிச்சுப் பாருங்கோ.

ஒரு கணக்குப் போடுங்கோ. ஆள் வெளிக்கிட்டுப் போன ரூம் ஒண்டை ஒழுங்காச் செய்ய முக்கால் மணித்தியாலம் வேணும். லோங் வீக்கெண்ட் முடியிற நாள்ல 18 ரூம் செக்அவுட் எண்டு வைப்பம். மூண்டு பேர், ஆளுக்கு 6 ரூம், நாலரை மணித்தியாலம். 12 மணிக்கு எல்லாரும் மரியாதையா வெளிய போயிட்டாங்க எண்டாலும் முதல் மூண்டு ரூம் 12.45க்கு, அடுத்த மூண்டு 1.30க்கு, அதுக்கடுத்தது 2.15க்கு. அப்ப உங்கட 2 மணிக்கு எத்தின ரூம் வரும்? ஆறு. கடைசி ரூம் 4.30. இதில ஒருத்தரும் தேத்தண்ணி குடிக்கேல்ல, ஒருத்தரும் கக்கூசுக்குப் போகேல்ல. அந்த அக்கா உங்களுக்கு 3.40க்கு ரூம் தந்தவ எண்டா அவவும் இறங்கி ரூம் செஞ்சிருக்கிறா எண்டுதான் எனக்குப் படுது.

அந்த முக்கால் மணித்தியாலம் எதுக்கு எண்டு கேப்பீங்கள். கடற்கரை ஹோட்டல் எண்டா மண். சவருக்குக் கீழ இருக்கிற ஓட்டையில கைய விட்டு மண் அள்ளோணும், அள்ளாட்டி அடுத்தவர் குளிக்கேக்க தண்ணி நிண்டு உங்களுக்குத்தான் போன் வரும். கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல ஜன்னல் பூட்டியிருந்தாலும் மேசையில ஒரு படை தூசி நிக்கும். பெட்ஷீட் விரிச்ச பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரா குனிஞ்சு கன்னத்தைக் கட்டிலோட வச்ச மாதிரிப் பாத்தாத்தான் ஒரு தலைமயிர் கிடக்கிறது தெரியும். அந்த ஒரு மயிருக்குத்தான் வாறவர் படம் எடுத்துப் போடுறது.

பிறகு துணிக்கணக்கு. ஒரு கட்டிலுக்கு மூண்டு செட் இருக்கோணும், ஒண்டு கட்டில்ல, ஒண்டு தோய்க்கிற இடத்தில, ஒண்டு அலுமாரியில. நான் வேலை செஞ்ச ரெண்டு இடத்திலயும் முதலாளிமார் ரெண்டு செட்டோடதான் ஓட்டினவை. அப்ப என்ன நடக்கும், ரூம் கூட்டித் துடைச்சு முடிஞ்சாலும் துணி காயுமட்டும் கட்டில் சும்மா கிடக்கும். அத உங்களிட்டச் சொல்லவும் ஏலாது, சொன்னா சாட்டு எண்டு நினைப்பீங்கள்.

இன்டர்கொம் எடுக்கேல்ல எண்டது பற்றி. உங்கட இடத்தில எப்பிடியோ தெரியா, எங்களுக்கு அந்தப் போன் கொரிடோர் முடிவில இருக்கிற சின்ன ரூமுக்குள்ள. மணி அடிச்சா கிளவுஸ் கழட்டிட்டு ஓடிப்போகோணும். ஓடிப்போய் எடுத்தா "எப்ப வரும்". திரும்பி வந்து கிளவுஸ் போட மற்ற ரிசெப்சன் பிள்ளை அடிக்கும், "எப்ப வரும்". எனக்கே தெரியாததைத்தான் என்னட்டக் கேப்பினம்.

இன்னொண்டு. எங்கட தமிழ்ல "ஏன்" எண்டு தொடங்கினா அது கேள்வி இல்ல, ஏச்சு. சின்ன வயசில அம்மா "ஏன் லேட்" எண்டு கேட்டது விபரம் அறியவா? "எந்த ரூம் உங்கள மறிச்சுக்கொண்டு நிக்குது", "எனக்கு முதல்ல ஒரு ரூம்தான் வேணும், வயசான ஆள் ஒருத்தர் இருக்கிறா, எதைத் தர ஏலும்" எண்டு கேட்டுப் பாருங்கோ. இப்பிடிக் கேட்டிருந்தா அந்த அம்மம்மா ஒரு மணிக்கே காலை நீட்டிப் படுத்திருப்பா.

கொட்பே_மெக்கானிக்:

மேல அக்கா போட்ட கணக்கு சோக்கான கணக்கு.

நான் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில, நாள்கணக்காக் கடல்ல நிக்கிற மல்டிடே போட்களுக்கு எஞ்சின் வேலை செய்யிறனான். ஒரு ஸ்கிப்பர், நல்ல மனிசன், ஆனா வாய். நான் எஞ்சின் செஞ்சு குடுத்து ரெண்டாவது ட்ரிப்ல இடையில திரும்பி வந்திட்டார், எஞ்சின் சூடேறுது எண்டு. ஜெட்டியில வச்சு எல்லாருக்கும் கேக்க "இவன் செஞ்ச வேலையைப் பாருங்கோடா" எண்டார். ஐஸுக்கும் டீசலுக்கும் போட்ட காசு நட்டம், அவருக்குக் கொதி. எனக்கும் கொதி, ஏனெண்டா நான் வோட்டர் பம்ப் மாத்தி இம்பெல்லர் புதுசு போட்டு என்ர கையால பூட்டினது.

நான் செஞ்சது ஒண்டுதான். அவரிட முகத்தைப் பாக்கிறதை விட்டிட்டு எஞ்சினைப் பாத்தன். "அண்ணை, வெளிக்கிட்டு எத்தின மணித்தியாலத்தில சூடு காட்டுற ஊசி ஏறினது? போட் ஓடேக்கயா, வலை இழுக்கேக்கயா?" எண்டு கேட்டன். அவர் ஏசிக்கொண்டேதான் பதில் சொன்னார், ஆனா பதில் சொன்னார். வெளிக்கிட்டு அரை மணித்தியாலத்திலயே ஏறினதாம். அப்ப பிழை பம்பில இல்ல, தண்ணி உள்ளுக்கு வரேல்ல. அடியில இறங்கிப் பாத்தா கடல்தண்ணி எடுக்கிற வாயில ஒரு பெரிய பொலித்தீன் பை. அந்தக் கிழமை வழமையா கட்டுற இடத்தில இடம் இல்லாம கரையோட அண்டிக் கட்டினவர், குப்பை எல்லாம் ஒதுங்கிற பக்கம்.

டொயோட்டா கம்பனியில ஒரு முறை இருக்கு, தாய்ச்சி ஓனோ எண்டவர் சொன்னது, ஒரு மெசின் நிண்டா அஞ்சு தரம் ஏன் ஏன் எண்டு கேளு எண்டு. மெசின் ஏன் நிண்டது, ஃபியூஸ் போயிட்டு. ஃபியூஸ் ஏன் போச்சு, பெயரிங்குக்கு எண்ணெய் காணாது. ஏன் காணாது, பம்ப் இழுக்கேல்ல. ஏன் இழுக்கேல்ல, பம்பிட தண்டு தேஞ்சிட்டு. ஏன் தேஞ்சது, வடிகட்டி இல்லாததால இரும்புத் தூள் உள்ளுக்குப் போயிட்டு. ஃபியூஸை மட்டும் மாத்தினா நாளைக்குத் திரும்பப் போகும். மெசினிட்ட ஏன் கேக்கலாம், அதுக்கு ரோசம் வராது. மனிசரிட்டக் கேக்கிறது எண்டா அக்கா சொன்ன மாதிரி எங்க, எப்ப, எது, எத்தின எண்டு கேக்கோணும்.

மன்னிப்பு விசயம். நீங்க கத்தினது ரெண்டு பேருக்கு முன்னால. மன்னிப்பும் அந்த ரெண்டு பேருக்கு முன்னால. மூலையில கூட்டிக்கொண்டு போய் ரகசியமாக் கேட்டா அது கணக்கில வராது. அந்த ஸ்கிப்பர் என்னட்டத் தனியத்தான் "சரி தம்பி" எண்டு சொன்னவர், ஜெட்டியில நிண்ட ஆக்கள் இண்டைக்கும் நான் வேலை பிழைச்ச கதையைத்தான் சொல்லுறாங்க.

உவர்மலை_ரீச்சர்:

நான் பாடசாலையில பிள்ளைகளுக்கு ஆலோசனை வழங்குற ஆசிரியை. இதைப் பற்றிக் கொஞ்சம் படிச்சிருக்கிறன், அதால எழுதுறன்.

உங்களுக்கு நடந்தது உலகம் முழுக்க மனிசருக்கு நடக்கிறதுதான். மற்றாள் ஒரு பிழை விட்டா அது அவரிட குணம் எண்டு நினைப்பம், அதே பிழையை நாங்க விட்டா அது சூழ்நிலை எண்டு நினைப்பம். அவ பிந்தினா சோம்பேறி, நான் பிந்தினா பஸ் வரேல்ல. 1967ல ஜோன்ஸ், ஹரிஸ் எண்ட ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு பரிசோதனை செஞ்சவை. மாணவர்களுக்குக் கியூபாத் தலைவர் காஸ்ட்ரோவை ஆதரிச்சு எழுதின கட்டுரையையும் எதிர்த்து எழுதின கட்டுரையையும் வாசிக்கக் குடுத்து, எழுதினவரிட உண்மையான கருத்து என்னவா இருக்கும் எண்டு கேட்டவை. எந்தப் பக்கம் எழுதோணும் எண்டது எழுதினவருக்கு வேற ஆள் சொல்லிக் குடுத்தது எண்டு தெரிஞ்ச பிறகும், வாசிச்ச ஆக்கள் அவரிட மனசில அந்தக் கருத்துத்தான் இருக்கு எண்டு சொன்னவை. 1977ல லீ ராஸ் இந்தச் சாய்வுக்கு ஒரு பேர் வச்சார், ஃபண்டமென்டல் அட்ரிபியூஷன் எரர் எண்டு, காரணம் கற்பிக்கிறதில விடுற அடிப்படைப் பிழை. நீங்க அந்த அக்காவை லொபியில இருந்துதானே பாத்தனீங்கள், உங்களுக்குத் தெரிஞ்சது பூட்டின கதவும் வராத ரூமும் மட்டும்தான், மிச்சத்தை மனசு தானா நிரப்பிப்போட்டுது.

மண்டை கொதிக்கேக்க ஆசை எங்கயிருந்து வரும் எண்டு கேட்டனீங்கள். அந்த நிமிசத்தில வராது. அதால முதல் கேள்வியை உங்களிட்டயே கேளுங்கோ, எனக்கு இப்ப வாறது என்ன எண்டு. கோவமா, பயமா, அந்த மனிசியில இரக்கமா, மானம் போகுதே எண்டதா? பேரைச் சொல்லுங்கோ, மனசுக்குள்ளயாவது. 2007ல மத்தியூ லீபர்மன் எண்டவரிட குழு மூளையை ஸ்கான் செஞ்சு பாத்ததில, உணர்ச்சிக்கு ஒரு சொல்லு வைக்கேக்க அமிக்டலா எண்ட பகுதியிட துடிப்புக் குறையிறதைக் கண்டவை. நீங்க எழுதினதை வாசிக்க எனக்கு என்னவோ அந்த அம்மம்மாவில வந்த இரக்கம்தான் கோவமா வெளிய வந்திருக்கு எண்டு படுது.

கன்டீன்ல இருந்து நாலு பேரிட்ட அவவைப் பற்றிக் கொட்டினா ஆறும் எண்டு மட்டும் நம்பாதீங்கோ. 2002ல புஷ்மன் செஞ்ச ஆய்வில, தங்களைக் கோவப்படுத்தின ஆளை நினைச்சுக்கொண்டு குத்துப் பையைக் குத்தின ஆக்களுக்குக் கோவம் கூடினது, சும்மா இருந்த ஆக்களுக்கு அந்தளவு இல்ல.

விடுப்பு எண்டு சொன்னதைப் பற்றியும் சொல்ல வேணும், அது முக்கியம். விடுப்புக் கேக்கிறவருக்குக் கதை வேணும், அதைக் கொண்டுபோய் வேற இடத்தில சொல்ல. அந்தக் கதையால உங்கட வேலையில ஒண்டும் மாறாது. "ஏன் வீட்டில பிரச்சினையா, முகம் வாடியிருக்கு" எண்டு அந்த அக்காவிட்டக் கேட்டா அது விடுப்பு. "துணி எத்தின மணிக்கு வரும்" எண்டு கேட்டா அது வேலை. அதோட "விசாரிக்கிறது" எண்ட சொல்லும் எங்கட பக்கம் ரெண்டு மாதிரி இருக்கு. சுகம் விசாரிக்கிறதும் அதுதான், பிடிச்சுக்கொண்டு போய் விசாரிக்கிறதும் அதுதான். எங்க போறாய், ஏன் போறாய், ஆரோட போறாய் எண்டு ஆமிக்காரரிட சென்றியில (சோதனைச் சாவடியில) கேட்டுக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்க, அந்த அக்காவிட வயசைப் பாத்தா அவவும் அந்தக் காலத்து ஆள்தான். மேசைக்கு அங்கால நிக்கிற ஒருத்தர் வந்து கேள்வி மேல கேள்வி கேட்டா முதுகு தானா விறைக்கும். அதால ஒரு கேள்வி கேட்டிட்டு நிப்பாட்டுங்கோ. நீங்க ஏன் கேக்கிறீங்கள் எண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கோ.

பெரியகடை_கணக்கு:

எல்லாரும் நல்லாத்தான் சொல்லுறீங்கள், ஆனா நான் இதில முழுசா உடன்பட மாட்டன்.

நான் ஒரு கடையில கணக்கு எழுதினனான், பேர் வேண்டாம். மாசாமாசம் சம்பளத்தில ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) எண்டு 8 வீதம் வெட்டுவினம். ஒரு நாள் பாத்தா கணக்கில ஒண்டும் விழேல்ல. நானும் இப்பிடித்தான் மரியாதையா, புரிஞ்சுகொள்ளுற மாதிரி, "முதலாளி என்ன சிக்கல், எப்ப சரி வரும்" எண்டு கேட்டுக் கேட்டு ஒரு வருசம் போச்சு. ஒவ்வொரு தரமும் ஒரு கதை, வியாபாரம் விழுந்திட்டு, லோன் கட்டோணும், மழை. எல்லாக் கதையும் உண்மையாக்கூட இருக்கலாம், ஆனா என்ர காசு என்ர காசுதானே. கடைசியில லேபர் ஒப்பிசுக்குப் போய் எழுதிக் குடுத்த பிறகுதான் அசைஞ்சுது. முதலாளி தன்ர பங்கு 12 வீதமும், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் போட வேணும், அது சட்டம், அதில அறியிறதுக்கு ஒண்டும் இல்ல. கடை, கந்தோர் ஊழியர் சட்டம் 1954ல வந்தது, நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45, அதுக்கு மேல எண்டா ஒண்டரை மடங்கு. இதையெல்லாம் ஆர்வமாக் கேள்வி கேட்டு அறியப் போனா வயசுதான் போகும்.

இப்ப உங்கட கதைக்கு வாறன். உப்புவெளி அக்கா போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கோ. 18 ரூமுக்கு மூண்டு பேர். நாலாவது ஆளை எடுக்காதது ஆர்? மூண்டாவது செட் துணி வாங்காதது ஆர்? நீங்களும் அந்த அக்காவும் கொரிடோர்ல சண்டை பிடிச்சுக்கொண்டு நிக்கிறவரைக்கும் அந்தக் கேள்வியை ஒருத்தரும் கேக்க மாட்டினம். "அட்ஜஸ்ட் பண்ணுங்கோ" எண்டு சொல்லிட்டு ஏசி ரூமுக்குள்ள போய் இருக்கிறவருக்கு இது வலு வசதி. அவவோட நீங்க கதைச்சு அறியிறது நல்லது, கட்டாயம் செய்யுங்கோ, ஆனா அறிஞ்சதைக் கடதாசியில எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வச்சு மேல குடுங்கோ.

நிலாவெளி_ரிசெப்சன்:

எல்லாருக்கும் நன்றி. உப்புவெளி அக்கா, நீங்க எழுதினதை நாலு தரம் வாசிச்சிட்டன். அந்தக் கணக்கை நான் ஒருநாளும் போட்டுப் பாக்கேல்ல, நாலு வருசமா ஒரு நாள் கூட. ரீச்சர் சொன்ன இரக்கம் கதை சரியா இருக்குமோ எண்டு யோசிக்கிறன், ஏனெண்டா எங்கட அம்மம்மாவும் கடைசிக் காலத்தில கால் வீங்கித்தான் இருந்தவ. நாளைக்கு லீவு, நாளண்டைக்குப் போய்க் கதைக்கப் பாக்கிறன். ஒரு விசயம் சொல்ல மறந்திட்டன், அந்த அக்கா சிங்கள ஆள், தமிழ் கதைப்பா, ஆனா வெட்டி வெட்டித்தான் கதைப்பா, அதுவும் எனக்கு எப்பவும் குத்தும்.

கிண்ணியா_நானா:

தங்கச்சி, அந்தக் கடைசி வரிய முதல்லயே எழுதியிருக்கணும் நீங்க.

நான் அரச கந்தோர் ஒண்டுல வேல. சட்டத்துல 1987ல இருந்து தமிழும் அரசகரும மொழிதான், ஆனா மேசைக்கு மேசை நடக்கிற கதையை சட்டத்தால ஒண்டும் செய்யேலா. எங்கட கந்தோருக்கு ஒரு சிங்கள ஐயா மாற்றலாகி வந்தார். வந்த ரெண்டாம் நாள் எல்லாருக்கும் முன்னால என்னப் பாத்து "நீ எங்க போ? இங்க வா" எண்டார். எனக்கு அவர்ர மகன்ட வயசு இல்ல, தாடி நரைச்சவன் நான். ஒரு மாசம் அவரோட முகம் குடுத்துக் கதைக்கல்ல. பொறகு ஒரு நாள் பகல் சாப்பாட்டு நேரம், அவருக்குத் தமிழ் யாரு படிப்பிச்ச எண்டு கேட்டன், சும்மா தெரிஞ்சுக்குவம் எண்டு. அவர் சந்தையிலயும் கூலி வேல செய்ற ஆக்கள்ட்டயும் கேட்டுப் பழகினதாம். அங்க அவர் கேட்டது எல்லாம் நீ, வா, போ. நீங்க, வாங்க எண்டு ஒண்டு இரிக்கி எண்டே அவருக்குத் தெரியாது. சொல்லிக் குடுத்தன், மனுசன் வெக்கத்தில முகம் செவந்து போச்சி.

பொறகு அவர் மெல்லமா எனக்கு ஒண்டு சொன்னார். நான் சிங்களம் படிச்சது துறைமுகத்துல, சின்ன வயசுல, பொடியனுகளோட. அதால நான் வந்த நாள் தொட்டு அவரோட கதைக்கிற நேரம் எல்லாம் "உம்ப" எண்டுதான் சொல்லியிருக்கன். அது கூட்டாளிமாருக்குள்ள சொல்ற வார்த்த, மேலதிகாரிக்கிச் சொன்னா "டேய்" எண்டு சொன்ன மாதிரி. அவரும் ஒரு மாசமாப் பொறுத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கார்.

உங்கட அக்கா "ரெடியானா சொல்லுவன்" எண்டு வெட்டிப் பேசுறது, அவட தமிழ் அவ்வளவுதானோ என்னவோ. மற்ற பாசையில மரியாதயா ஒரு விசயத்த இழுத்துச் சொல்ல நெறைய வார்த்த வேணும். அவசரத்துல அந்த வார்த்த எல்லாம் வராது, தேவையான நாலு வார்த்ததான் வரும். ஏலுமெண்டா உங்கட கேள்விய அவட பாசையில கேட்டுப் பாருங்க, உடைஞ்ச சிங்களம் எண்டாலும் பரவாயில்ல.

நிலாவெளி_ரிசெப்சன்:

பதினொரு நாள் ஆச்சு, என்ன நடந்தது எண்டு சொல்லாமப் போறது சரியில்ல எண்டு எழுதுறன்.

கதைச்சிட்டன். விடிய பத்தரைக்கு மேல போனன், அந்த ரெண்டு பொடியன்களும் நிண்ட நேரமாப் பாத்து. அண்டைக்கு இவையளுக்கு முன்னால உங்களைக் கத்தினது பிழை அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில சொன்னன். ஒரு சொல்லைப் பிழையாச் சொல்லிட்டன் போல, ஒரு பொடியன் சிரிப்பை அடக்க ஏலாமத் திரும்பி நிண்டான். அக்கா சிரிக்கேல்ல. "சரி சரி" எண்டு சொல்லிட்டு மடிச்சுக்கொண்டு நிண்ட பெட்ஷீட்டிட ஒரு தலைப்பை என்ர கையில தந்து, "இதைப் பிடி" எண்டா. கிண்ணியா நானாவை நினைச்சுக்கொண்டு பிடிச்சன். ஒரு ஏழெட்டு ஷீட் ரெண்டு பேருமா மடிச்சம், ஒண்டும் கதைக்கேல்ல.

பிறகுதான் கேட்டன், பொதுவா எந்த ரூம் உங்களை மறிக்குது எண்டு. டக்கெண்டு சொன்னா, "உங்கட ரூம்தான்". விளங்கேல்ல. பொக்கற்றுக்குள்ள இருந்து ஒரு சின்னக் கொப்பி எடுத்துக் காட்டினா, போன கிழமை நாளுக்கு நாள் ரூம் நம்பர், ஆக்கள் வெளிய போன நேரம். அந்தச் சனிக்கிழமை மூண்டு ரூம் 1 மணிக்கும் 1.30க்கும் போயிருக்கு. லேட் செக்அவுட். குடுத்தது ரிசெப்சன். அதில ரெண்டு நான் குடுத்தது, ஆக்கள் நல்ல மாதிரிக் கேட்டவை, சரி ஒரு மணித்தியாலம்தானே எண்டு சொல்லிட்டன், மேல ஒருத்தருக்கும் சொல்லேல்ல. இவை கதவைத் தட்டித் தட்டி ஏச்சு வாங்கியிருக்கினம். அந்த அம்மம்மாவுக்குக் குடுத்தது அதில ஒரு ரூம்.

மறைக்காமச் சொல்லுறன், அதைக் கேக்கேக்க திரும்பவும் கோவம்தான் முதல்ல வந்தது, "அப்ப அண்டைக்கே சொல்லியிருக்கலாமே" எண்டு வாய் வரைக்கும் வந்திட்டு. ரீச்சர் சொன்ன மாதிரி இது என்ன எண்டு எனக்குள்ள கேட்டன், வெக்கம் எண்டு விடை வந்தது, வாயை மூடிட்டன்.

இப்ப விடிய 9 மணிக்கு நான் ஒரு கடதாசி எழுதிக் குடுக்கிறன். ஆர் எப்ப போறது, ஆருக்கு லேட் குடுத்திருக்கு, ஆருக்கு முதல்ல ரூம் வேணும், பிள்ளைத்தாச்சி, வயசான ஆக்கள், கைக்குழந்தை. 9 மணிக்குப் பிறகு ஆரும் லேட் கேட்டா அக்காவிட்டக் கேட்டிட்டுத்தான் சொல்லுறது. போன சனி கடைசி ரூம் 3.15க்கு வந்தது. 2 மணி இல்லத்தான், ஆனா முதல் ஆறு ரூம் ஆருக்குத் தேவையோ அவைக்குப் போச்சு, முன்னால நிண்ட ஆக்களுக்கு என்னால ஒரு நேரம் சொல்ல ஏலுமா இருந்தது. நேரம் சொன்னா சனம் அவ்வளவா ஏசாது எண்டும் கண்டுகொண்டன்.

பெரியகடை அண்ணா, கடதாசியும் குடுத்தாச்சு. அக்காட கொப்பிக் கணக்கு, உப்புவெளி அக்காட முக்கால் மணித்தியாலக் கணக்கு ரெண்டையும் போட்டு, சீசன் முடியுமட்டும் ஒரு ஆள் கூட வேணும் எண்டு ரெண்டு பேரும் கையெழுத்து வச்சம். மனேஜர் இன்னும் பதில் தரேல்ல. அக்காவோட சிநேகிதம் எண்டு சொல்ல ஏலாது, இப்பவும் வெட்டித்தான் கதைப்பா, ஆனா இன்டர்கொம் எடுக்கிறா.

ஒரு உதவி கேக்கோணும். ரெண்டு பேருமா அலுமாரியத் திறந்து எண்ணிப் பாத்தம், 32 ரூம், ரூமுக்கு 2 தலகணி, மூண்டு செட் எண்டா 192 உறை இருக்கோணும், 131தான் இருக்கு. துணிக்குக் காசு தரலாம் எண்டு மனேஜர் வாயால சொல்லியிருக்கிறார். உப்புவெளி அக்கா, நீங்க தையல் எண்டு சொன்னனீங்கள்தானே?

உப்புவெளிக்காரி:

ஓம் தங்கச்சி, தைச்சுத் தருவன். பழைய உறை ஒண்டு கொண்டு வாங்கோ அளவுக்கு, தோய்ச்சுச் சுருங்கினதாக் கொண்டு வாங்கோ. துணி வாங்க முதல் ஒரு துண்டை நனைச்சுக் காயவிட்டுப் பாருங்கோ, சில துணி ஒரு சாண் நீளத்துக்கு விரல் அகலம் சுருங்கும். பொலியெஸ்டர் கலந்தது கெதியாக் காயும், ஆனா இந்த வெக்கைக்குப் படுக்கிறவைக்குக் கன்னம் வேர்க்கும், அதால பருத்தி கூடினதாப் பாருங்கோ. வரேக்க அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, வாய் மடிப்பு எத்தின அங்குலம் வேணும் எண்டு அவவுக்குத்தான் தெரியும்.